மூன்று சொடுக்கு

இன்னும் ஐம்பது நிமிஷம் இதைத் தொடக்கூடாது. கருங்கல் மேஜைமேல் ஒரு சாண் நீளத்துக்கு ஷாஃப்ட், பம்புக்குள் சுழல்கிற உருண்டை இரும்புத் தண்டு, படுத்திருக்கிறது, பக்கத்தில் மூடி திறந்த மரப்பெட்டியில் மைக்ரோமீட்டர், இரண்டும் இந்த ஏஸி அறையின் இருபது டிகிரிக்கு வந்து சேர வேண்டும், அதுவரை நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இந்த முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் லாரியில் வந்த இரும்பு, இன்னும் உள்ளே சூடு இருக்கும். நாலு மணிக்கு வாரேன், அதுவரைக்கும் ரெண்டு பேரும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர் தியாகராஜன். ரெண்டு பேர் என்றால் ராத்திரி இன்ஸ்பெக்டர் நான், பகல் இன்ஸ்பெக்டர் சகாயமேரி. அவள் எதிர்மேஜையில் குனிந்து ஏதோ ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறாள், பேனா நகர்கிற சத்தம் ஏஸி சத்தத்துக்கு அடியில் கேட்கிறது. ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம், அளவு சரியென்று அட்டையில் குத்துகிற என் ஸ்டாம்ப். மரப்பிடி, கீழே ரப்பர், வட்டத்துக்குள் பதினாலு. அதையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னார், வைத்தேன். பம்ப் கம்பெனியிலிருந்து நூற்றி எண்பது ஷாஃப்ட் திரும்பி வந்திருக்கிறது, பேரிங் ஏறவில்லையாம், இருபது மில்லியைத் தாண்டிப் பெருசாக இருக்கிறதாம், நூற்றி எண்பது அட்டையிலும் வட்டத்துக்குள் பதினாலு. அதில் இந்த ஒன்றை வெளி லேபில் அளந்து, அளவை எழுதி ஒட்டிய கவரில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் மேனேஜர். நாலு மணிக்கு நான் அளக்க வேண்டும், கவரைப் பிரிக்க வேண்டும். ராத்திரி அளவு தப்புன்னு தெரிஞ்சா ஸ்டாம்பை இங்கயே வெச்சுட்டு மிஷினுக்குப் போங்க வெள்ளியங்கிரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை அந்த மனுஷன். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், நேரம் போயிருக்கும்.

பகல் மூன்று மணி என்பது எனக்குப் பழக்கமில்லாத ஊர். இந்த நேரத்துக்கு ஜன்னலில் பெட்ஷீட்டைக் கட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பேன், அல்லது தூங்குவதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு கணபதி பஸ் ஸ்டாப்பில் இறங்கி நடந்தபோது வெயில் தலைக்குள் இறங்கி மணி அடித்தது, டீக்கடைக்காரனே யாரோ வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். உள்ளே வந்ததும் மேரி கேட்டாள்: கிரியண்ணா, தூங்குனீங்களா? தூங்கிட்டேன் மேரி. பொய் சொல்லாதீங்ணா, கண்ணு ரெண்டும் ரெட் ஆக்ஸைடு அடிச்ச கேட்டு மாதிரி இருக்குது. சிரித்தேன். சிரித்த பிறகு வாய் அப்படியே நின்றுவிட்டது, அதைத் திரும்ப மூடுவதற்கு ஒரு யோசனை தேவைப்பட்டது. சூடு. ஷாஃப்ட் சூடாக இருந்திருக்கலாம். ராத்திரி கிரைண்டிங் மிஷினிலிருந்து எடுத்த கையோடு அளந்திருக்கலாம், ஆறவிடாமல். அப்படிச் சொல்லிவிடலாமா? இரும்பு சூட்டில் விரியும், இருபது மில்லி ஷாஃப்ட் பதினைந்து டிகிரி கூடினால் மூன்று மைக்ரானுக்கு மேல் பெருக்கும். மைக்ரான் என்றால் ஒரு மில்லியை ஆயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு, தலைமுடியே அறுபது எழுபது வரும். பம்ப் கம்பெனிக்காரர்கள் சொன்ன பிரச்சினையும் மூன்று மைக்ரான்தான். பொருந்துகிறது. இல்லை, பொருந்தவில்லை. சூட்டில் அளந்திருந்தால் பெரிதாகக் காட்டியிருக்கும், நான் இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொல்லியிருப்பேன், ஆறினதும் சிறிதாகியிருக்கும். திரும்பி வந்ததோ பெரிது. நான் சின்னதென்று அளந்தது உண்மையில் பெரிது. சூடு எனக்குச் சாட்சி சொல்லாது. வேறு யார் சொல்வார்கள்?

கம்பெனியிலிருந்து கூப்பிட்டதிலிருந்து இதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன், செக்கு மாதிரி. பதினோரு வருஷம் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. கை அதே கை. மிஷின் அதே மிஷின். மைக்ரோமீட்டர் அதே மைக்ரோமீட்டர், ஆனி மாசம்தான் சோதனைக்கு அனுப்பிச் சரியென்று சீட்டு ஒட்டி வந்தது. பிறகு என்ன மாறியது? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அது எதிர்மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. அவள் வந்ததுதான் மாற்றம். இரண்டு மாசம். திரும்பி வந்ததெல்லாம் இந்த இரண்டு மாச ஷாஃப்ட். இதை நினைக்கிறபோதே அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், நான் அவசரமாக மைக்ரோமீட்டரைப் பார்க்கிறேன், திருடும்போது பிடிபட்டவன் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல். அதைப் பார்க்கிறதில் எனக்குக் கஷ்டமில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன்.

வளைந்த ஒரு இரும்பு வில், ஒரு முனையில் அசையாத முகம், மறுமுனையில் திருகில் ஏறி முன்னால் வரும் இன்னொரு முகம், நடுவில் அளக்க வேண்டிய பொருள். பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் திருகு என்பது பொல்லாத சாமான். லாரியைத் தூக்குகிற ஜாக்கியும் திருகுதானே. இரண்டு விரல் கொடுக்கிற சின்ன பலத்தை அது உள்ளே கொண்டுபோய்ப் பல மடங்காக்கி முகத்தில் காட்டும், நமக்குத் தெரியவே தெரியாது. அமுக்கினால் வில் கண்ணுக்குத் தெரியாமல் விரியும், ஷாஃப்டும் இம்மியளவு நசுங்கும், முகம் இன்னும் கொஞ்சம் முன்னால் போகும், அளவு குறைந்து காட்டும். இரும்பு விரியுமா என்று அந்தக் காலத்தில் நானே கேட்டிருக்கிறேன். எல்லா இரும்பும் ரப்பர்தான், கேட்கிற ஆள் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறான் என்பதைப் பொறுத்தது. அதற்காகத்தான் திருகின் வால்பக்கத்தில் அந்தச் சின்னக் குமிழ், ராட்செட். உடைந்துபோன ஒரு மைக்ரோமீட்டரைப் பழைய இரும்பில் எடைக்குப் போடும்போது அதன் குமிழை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு பகல் முழுக்கத் தூங்காமல் அதைப் பிரித்துப் பார்த்தேன். பல் வைத்த இரண்டு சின்னத் தட்டு, ஒன்றையொன்று முகம் பார்த்து, பின்னால் ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான்! பல்லின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. முன்னால் திருகும்போது ஸ்பிரிங் தாங்குகிறவரை பல்லோடு பல் பிடித்துக்கொண்டு போகும், அதற்குமேல் அழுத்தம் வந்தால் சரிவில் ஏறி வழுக்கிவிடும், கிட்டென்று ஒரு சொடுக்கு. நீ சுற்று, சுற்றிக்கொண்டே இரு, திருகு நகராது. பின்னால் திருகும்போது செங்குத்துப் பக்கம் பிடித்துக்கொள்ளும், கழன்று வரும். போகும்போது எல்லை, திரும்பும்போது தடையில்லை. இதை யோசித்த மனுஷனை நினைத்து அன்றைக்கு எனக்கு மூக்கு அடைத்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டலாக்கில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன், ஐந்திலிருந்து பத்து நியூட்டன் என்று போட்டிருந்தது. இன்னொரு புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன், அரைக்கிலோவிலிருந்து ஒரு கிலோ எடை. ஒரு உப்புப் பாக்கெட் கைமேல் உட்கார்ந்தால் எப்படியோ அப்படி. அந்த அழுத்தம் எவன் திருகினாலும் மாறாது, அதுதான் பெருமை. முதலாளி திருகினாலும் அதே, குடித்துவிட்டு வந்தவன் திருகினாலும் அதே, சாவு வீட்டுக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வந்தவன் திருகினாலும் அதே உப்புப் பாக்கெட். மனுஷனைக் கேட்காமல் பொருளைக் கேட்கிற ஒரு சாமான். உலகத்தில் அப்படி எத்தனை இருக்கிறது? அந்தக் குமிழ் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துச் சுற்றுவேன், கிட், கிட், கிட்.

ஆனால் நான் அதை உபயோகித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள இப்போதுதான் மனசு வருகிறது, அதுவும் வாய்விட்டல்ல. அவ்வளவு பிடித்த சாமானை வேலையில் தொடாமல் விட்டேன். மெயின் உருளையை நேராகக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வைத்துத் திருகுவேன், நின்றதும் ஒரு சிட்டிகை இறுக்குவேன், பார்ப்பேன், ஸ்டாம்ப் வைப்பேன். கைக்கு இருக்கிற ஞானம் குமிழுக்கு வருமா என்பது முன்னாள் பகல் இன்ஸ்பெக்டர் ராக்கியண்ணனின் கட்சி. என்னைவிட நாலு வயசுதான் மூப்பு, பதினோரு வருஷம் எனக்கு எதிர் ஷிஃப்ட், எனக்கு எதிராளி. வந்த புதிதில் ஒருநாள் நான் ராட்செட்டைச் சுற்றினபோது மிஷின்காரர்கள் முன்னால் கேட்டார்: ஏனப்பா வெள்ளியங்கிரி, கடிகாரத்துக்குச் சாவி குடுக்கறயா? எல்லோரும் சிரித்தார்கள். டிப்ளமா இருந்தால் நானும் சிரித்திருப்பேன். துடைப்பத்தோடு இரும்புப் பொடி கூட்ட வந்தவன், படித்துப் படித்து ஸ்டாம்ப் வாங்கினவன், சொடுக்குச் சத்தம் கேட்டால் ஆளுக்கு வேலை தெரியாது என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற பயம். பயந்தவன் கை லேசாக இருக்காது. அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உறுதியாகத் தெரிய வேண்டும், உறுதியாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சிட்டிகை. உக்கடம் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கும்போது ஒரு அம்மா கையைத் தட்டிவிட்டாள்: ஏனுங், வாங்க வந்தீங்களா, ரசம் வெக்க வந்தீங்களா? பக்கத்தில் நின்ற என் மகள் கௌசல்யா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளையும் இதே விரலால்தான் கேட்கிறேன் என்று நினைக்கிறேன். எத்தனை மார்க்கு? நிஜமா எத்தனை? நிஜமாத்தான் கேக்கறேன். மூன்றாவது தடவை கேட்கும்போது பிள்ளை குறைத்துச் சொல்கிறாள். பயத்தில் குறைத்துச் சொல்கிறாள், மறுவாரம் பேப்பரைப் பார்த்தால் கூட இருக்கிறது. அமுக்கினால் குறையும். இரும்புக்கு மட்டுமென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணி மூன்று இருபத்தைந்து. சரி, கை அமுக்குகிறது, அளவு குறைகிறது, ஒத்துக்கொண்டேன். ஆனால் பதினோரு வருஷமும் இதே கைதானே அமுக்கியது? அப்போது ஏன் சரியாக வந்தது? இங்கேதான் இடறுகிறது. இங்கே வந்து நின்று, திரும்பிப் போய், மறுபடி இங்கேயே வந்து. கிரியண்ணா, டீ சொல்லட்டுங்களா? வேண்டாம் மேரி. அவள் எழுந்து மைக்ரோமீட்டர் பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்க்கிறாள், பிள்ளை தொட்டிலில் தூங்குகிறதா என்று பார்ப்பதுபோல். இந்தப் பொண்ணுக்கு முப்பது முப்பத்திரண்டு இருக்கும், டிப்ளமா படித்தவள், வேறு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தாளாம், இங்கே மூன்று மாசம் பார்த்துத்தான் நிரந்தரம் பண்ணுவார்கள், ஒரு மாசம் பாக்கி. அவள் அளக்கிறதை முதல் நாள் ஷிஃப்ட் மாறும்போது நின்று பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன், அப்புறம் அதற்காகவே கால்மணி முன்னால் வர ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைத் தாளை இரண்டு முகத்துக்கும் நடுவில் வைத்து லேசாக மூடி உருவுவாள், அழுக்கு தாளோடு வந்துவிடும். பிறகு மெதுவாக, ஓடவிடாமல், ராட்செட்டை மட்டும் பிடித்துத் திருகுவாள். வேகமாக வந்து முட்டினால் அந்த வேகமே ஒரு அழுத்தம், ராட்செட்டையும் ஏமாற்றிவிடும், அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தொட்டதும் மூன்று சொடுக்கு. நாலு இல்லை, இரண்டு இல்லை. மூன்றாவதில் விரல் தானாக விலகிக்கொள்ளும். யார் நிற்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள், எதுவும் அவளுக்கு இல்லை. மிஷின்காரப் பையன்கள் இரண்டு நாள் கிட் கிட் என்று நாக்கைத் தட்டிக் கிண்டல் பண்ணினார்கள். ஏப்பா, உங்க வாய்க்கும் ஒரு ராட்செட் மாட்டித் தரட்டுமா என்றாள், அடங்கிவிட்டார்கள். எனக்குப் பதினோரு வருஷம் முன்னால் அந்த ஒரு வாக்கியம் கிடைத்திருந்தால்!

ஷிஃப்ட் மாற்றுகிறபோது ராத்திரி எட்டு மணிக்கு அவள் மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று மூடி, மூன்று சொடுக்கு கொடுத்து, கோடு சைபரில் நிற்கிறதைக் காட்டுவாள்: பாத்துக்கங்ணா, ஜீரோ. நான் தலையாட்டி வாங்கிக்கொள்வேன். அவள் முன்னால் திரும்பத் திறந்து மூடிப் பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம், பட்டறை மரியாதை தெரிந்தவன் செய்யமாட்டான். அவள் போன பிறகும் செய்ததில்லை. அவ்வளவு சுத்தமாக வைத்த ஜீரோவை என் கையால் கலைப்பதா? ராக்கியண்ணனிடம் அப்படியா, அந்த ஆள் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார், நானும் அவர் வைத்த ஜீரோவை ஒருநாளும் நம்பினதில்லை, அவர் முதுகு கேட் தாண்டுவதற்குள் குட்டி ஸ்பேனரை எடுத்து என் கையால் இறுக்கி மூடி என் ஜீரோவை நானே வைத்துக்கொள்வேன். காலையில் அவர் வந்து திட்டிக்கொண்டே கலைத்துத் தன் ஜீரோவை வைப்பார். பதினோரு வருஷம் தினம் இரண்டு தடவை ஒருத்தன் ஜீரோவை ஒருத்தன்.

என் ஜீரோ. என் கையால் இறுக்கி.

அய்யோ. அய்யோ, இதுதான். முக்காலி ஆடுகிறது, நான்தான் ஆடுகிறேன். என் கையால் இறுக்கி ஜீரோ வைத்தால், வில் எவ்வளவு விரிகிறதோ அந்த விரிப்பு ஜீரோவிலேயே போய்விடும். பிறகு ஷாஃப்டை வைத்து அதே கையால் அதே அளவு இறுக்கினால் மறுபடி அதே விரிப்பு, கழித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, அளவு சரி. இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்புப் பண்ணினேன், ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. இப்போது ஜீரோ அவளுடையது, உப்புப் பாக்கெட். இறுக்கம் என்னுடையது, அரிசி மூட்டை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் மூன்று நாலு மைக்ரான், அதுதான் நூற்றி எண்பது ஷாஃப்ட். ராக்கியண்ணன்மேல் இருந்த சந்தேகம் பதினோரு வருஷம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது, இவள்மேல் வைத்த மரியாதை இரண்டு மாசத்தில் கவிழ்த்துவிட்டது. சிரிப்பு வருகிறது. அடக்குகிறேன். எவ்வளவு நேர்மையான சாமான் பார், அவள் கொடுத்ததையும் நான் கொடுத்ததையும் கூட்டிக் கழித்து அப்படியே காட்டியிருக்கிறது, ஒரு மைக்ரான்கூட மறைக்கவில்லை. ஒரு மூலையில் எனக்கு இது சந்தோஷமாகக்கூட இருக்கிறது, காணாமல்போன சாவி கிடைத்த மாதிரி. கிடைத்த சாவி ஜெயில் சாவியாக இருந்தாலும் கிடைத்தது கிடைத்ததுதான்.

மூன்று நாற்பது. சாவிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது இப்போது மெதுவாகத் திரும்பி என்னைப் பார்க்கிறது. மேனேஜர் வந்ததும் நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சார், ஜீரோ சரியில்லைங்க. என் கையால் மூடிக் காட்டினால் கோடு சைபரைத் தாண்டி நிற்கும், அவர் கண்ணாலேயே பார்ப்பார். ஸ்பேனரை எடுத்து என் ஜீரோவை வைப்பேன், என் கையால் அளப்பேன், கவரில் என்ன இருக்கிறதோ அது அப்படியே வரும். பொய் ஒன்றும் சொல்லவில்லையே. என் கைக்கு அது சரியில்லாத ஜீரோதானே. பதினோரு வருஷம் சரியா இருந்துச்சுங்க, இந்தம்மா வந்த பிறகுதான். இதுவும் நிஜம். ஒவ்வொரு துண்டும் நிஜம், சேர்த்தால் அவள் வேலை போய்விடும், என் ஸ்டாம்ப் நிற்கும். ஸ்டாம்ப் போனால் என்ன, சாப்பாடு போகாது, மிஷினில் நிற்கலாம், நாற்பத்தொன்பது வயசில் கூலண்ட் தண்ணீரில் கை ஊற நிற்கலாம். ஆனால் இந்தக் கம்பெனியில் என் பெயரை யாரும் படித்தவன் வரிசையில் எழுதவில்லை, அந்த வட்டத்துக்குள் பதினாலுதான் எழுதியது. கௌசல்யா சின்னவளாக இருந்தபோது அவள் கையில் ஒரு தடவை அந்த ஸ்டாம்ப்பைக் குத்திவிட்டேன், மூன்று நாள் அழியாமல் பார்த்துக்கொண்டு ஸ்கூலில் காட்டினாள், எங்கப்பா என்னை ஓகே பண்ணிட்டாரு. என் விரல் மடியில் எதையோ திருகிக்கொண்டிருக்கிறது. வெறும் காற்றைக்கூட இறுக்குகிறேன். எதிர்மேஜையில் பேனா நின்றிருக்கிறது. அவளும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறாள். அவளுக்கும் பயம் இருக்குமென்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? அவ்வளவு லேசான கைக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது?

கதவு திறக்கிறது. என்ன வெள்ளியங்கிரி, ஆறிடுச்சா? ஆறிடுச்சுங்க சார். உட்காரவில்லை மனுஷன், மேஜை ஓரத்தில் கையை ஊன்றி நிற்கிறார். மொதல்ல ஜீரோவைப் பாருங்க, எனக்கு அதுலதான் ஒரு சந்தேகம். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மேரியைப் பார்க்கிறார். பழியை அவள்மேல் தள்ள அவரே எனக்கு வழியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் நுழைந்தால் போதும். மேரி பேனாவை மூடுகிறாள், மூடி ஒரு தடவை நழுவி மறுபடி பொருந்துகிறது. நான் மைக்ரோமீட்டரை எடுக்கிறேன், சில்லென்றிருக்கிறது. வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி உருவுகிறேன், அவள் செய்கிற மாதிரி. கட்டைவிரல் பழக்கத்தில் உருளைக்குப் போகிறது. அதை எடுத்து வாலில் வைக்கிறேன். மெதுவாக. கிட், கிட், கிட். கோடு சைபரில் நிற்கிறது, முடி இழை பிசகில்லை. ஜீரோ சரியா இருக்குதுங்க சார். நல்லாப் பாருங்க. பாத்துட்டனுங்க, இந்தம்மா வெச்ச ஜீரோ, ரெண்டு மாசமா இதேதான், ஒரு நாளும் பிசகலை. இப்ப ராத்திரி நான் எப்படி அளப்பேன்னு பாருங்க. ஷாஃப்டை நடுவில் வைத்து உருளையைத் திருகி, நின்றதும் அந்த ஒரு சிட்டிகை. படிச்சுச் சொல்லுங்க சார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்கிறார், பத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது. கழற்றுகிறேன். வாலைப் பிடித்து, மெதுவாக, மூன்று சொடுக்கு. இப்பப் படிங்க. இருபது புள்ளி சைபர் சைபர் மூன்று. சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்துக் கிழிக்கிறார், பார்க்கிறார், மடித்துத் திரும்ப வைத்துக்கொள்கிறார். மடிக்கும்போது கடைசி இலக்கம் எனக்கும் தெரிகிறது, மூன்று. அப்ப உங்க கை. ஆமாங்க சார், என்ற கை. பதினோரு வருஷமாவா? பதினோரு வருஷமா ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைச்சுட்டு இருந்துச்சுங்க. அவருக்குப் புரியவில்லை. ஸ்டாம்ப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், கவருக்குப் பக்கத்தில், பை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. நூத்தி எம்பதையும் நீங்களே திரும்ப அளக்கோணும், ராட்செட்ல. அப்புறம் கிரைண்டிங்ல நின்னு நீங்களே அதைச் சரி பண்ணுங்க. ஸ்டாம்ப் பத்தி அப்புறம் பேசலாம். கதவு மூடிக்கொள்கிறது.

ஏஸி சத்தம். அப்புறம் மேரி கேட்கிறாள்: ஏனுங்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? ரெண்டு மாசமா நான் குடுக்கற ஜீரோவ ஏன் ஒரு நாளும் திறந்து பாக்கலை? உன்ன நம்புனேன் மேரி. அதாங்ணா எனக்குப் பயமே. பழைய கம்பெனில என்ற முன்னாலயே ரெண்டு தடவ பாப்பாங்க, கோவமா வரும், ஆனா வீட்டுக்குப் போனா தூங்கிருவேன். இங்க நீங்க பேசாம வாங்கிட்டுப் போயிர்றீங்க. நான் தப்பா வெச்சிருந்தா யாரு சொல்லுவா, விடிய விடிய அதுலயேதான ஓடும்னு முழிச்சுட்டே படுத்திருப்பேன். அவள் இதைச் சொல்லும்போது கண்ணைப் பார்க்கிறேன், அதுவும் சிவந்துதான் இருக்கிறது, ரெட் ஆக்ஸைடு, நான் வந்ததிலிருந்து கவனிக்கவில்லை. இந்த ஊரில் ராத்திரி விழித்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் மைக்ரோமீட்டரை எடுத்து, தாள் வைத்து உருவி, மூடி, மூன்று சொடுக்கு கொடுத்து என் பக்கம் நீட்டுகிறாள். எட்டு மணியாக இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. பாத்துக்கங்ணா, ஜீரோ.

வாங்குகிறேன். தலையாட்டவில்லை. அவள் முன்னாலேயே திறக்கிறேன், துடைக்கிறேன், மெதுவாகக் கொண்டுவருகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. விரல் இன்னும் கொஞ்சம் என்கிறது. சுற்றுகிறேன், ராட்செட் வழுக்குகிறது, கொடுக்க மறுக்கிறது. சரியா இருக்குதாங்ணா? அவள் குரல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. நான் லைட்டுப் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கி, மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.